ஒன்பது பேரின் குமட்டல்

சங்குவாயல் குப்பத்தில் காற்று எவ்வளவு நாறலாம் என்பதை ஒன்பது பேரின் வயிறுதான் முடிவு செய்கிறது. நான் கிண்டல் செய்யவில்லை. சட்டமே அப்படித்தான் இருக்கிறது.

ஒன்பது பேருக்கும் காதின் பின்னால் ஆளுக்கொரு பட்டை ஒட்டியிருக்கும். வயிற்றிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு துடிப்பதை அது கவனித்து, குமட்டல் எழுவதற்குள்ளாகவே கண்டுபிடித்துவிடும். ஒன்பது பேரின் குமட்டலையும் சேர்த்து, நூறுக்கு இத்தனை என்று ஓர் எண்ணாக்கி எங்கள் ஆலையின் வால்வுக்கு அனுப்பும். எண் ஏறினால் வால்வு தானாக மூடும். இறங்கினால் தானாகத் திறக்கும். நடுவில் யாரும் கை வைக்கக் கூடாது. வைத்தால் சிறை. குப்பத்தில் இந்த ஒன்பது பேரையும் மூக்குக்காரங்க என்று கூப்பிடுவார்கள்.

அதிகாரியை வாங்கிவிடலாம், கருவியை ஏமாற்றிவிடலாம், மனிதனின் குமட்டலை என்ன செய்வீர்கள் என்று சட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் கேட்டார்கள். நல்ல கேள்விதான். எங்கள் கம்பெனியிடம் அதற்கும் பதில் இருந்தது.

நகரத்தின் சாக்கடைச் சேறு, ஆடு வெட்டுகிற ஆட்டுத் தொட்டியின் கழிவு, மார்க்கெட்டில் அழுகியது என்று நகரம் மூக்கைப் பொத்திக்கொண்டு கொட்டுவதையெல்லாம் நொதிக்க வைத்து, அதிலிருந்து வாயு எடுக்கிற ஆலை எங்களுடையது. நகரத்துப் பேருந்துகள் அதில்தான் ஓடுகின்றன. நல்ல வாயு குழாய் வழியே நகரத்துக்குப் போய்விடும். மிச்சம் நிற்கிற கெட்ட வாயுவை உயரமான ஒரு கலனில் கழுவி, அதன் மேல்வாய் வழியாக வெளியே விடுவோம். அந்த வாயை ஆலையில் எல்லோரும் நாசில் என்பார்கள். அதன் வழியே வாயு எத்தனை வேகத்தில் போகிறது என்று கணக்குப் போடுவதும், அந்த வேகத்தைக் கட்டுக்குள் வைப்பதும் என் வேலை. என் பெயர் நிறைமதி. இந்த வேலையை நான் ஒரு காலத்தில் மரியாதையான வேலை என்று நினைத்திருந்தேன்.

கணக்கு மிகச் சுலபம். ஒரு வினாடியில் வெளியேறும் வாயுவின் அளவை வாயின் பரப்பால் வகுத்தால் வேகம் வந்துவிடும். வினாடிக்கு இருபது மீட்டர் வேகம் என்று வைத்து அந்த வாயை வரைந்திருந்தார்கள். அந்த வேகத்தில் கழுவும் நீர் கலனுக்குள்ளேயே விழுந்துவிடும், சுத்தமான காற்று மட்டும் மேலே போகும். அந்த டிசம்பர் காலையில் நான் ஆறு மணி ஷிப்டுக்கு வந்து உட்கார்ந்தபோது திரையில் தெரிந்த வேகம் முப்பத்தொன்பது. ஏறக்குறைய இரண்டு மடங்கு. வேகம் இரண்டு மடங்கானால் அது இழுக்கிற பலம் நான்கு மடங்கு. கழுவிய அழுக்குத் தண்ணீரையும் கழுவப்படாத வாயுவையும் அது வாரி எடுத்துக்கொண்டு வெளியே துப்பும்.

பக்கத்திலிருந்த குமட்டல் எண்ணைப் பார்த்தேன். மூன்று. நாற்பதைத் தாண்டினால்தான் வால்வு மூடத் தொடங்கும். அது வெறும் மூன்று.

வாசல் வழியாக வரும்போதே கழிமுகத்து ஓரத்தில் இரண்டு கொக்குகளும் ஒரு பூனையும் செத்துக் கிடந்ததைப் பார்த்திருந்தேன். கையிலிருந்த விஷவாயு மீட்டர் வேலி ஓரத்தில் அலறியது. பனி தரையோடு தரையாகப் படுத்திருந்தது. காற்று ஓர் இலையைக் கூட அசைக்கவில்லை. குப்பம் ஆலையைவிடப் பள்ளத்தில் இருக்கிறது. வெயில் ஏறிப் பனி கலைகிறவரை நாங்கள் துப்புவதெல்லாம் அங்கேதான் போய்த் தேங்கும்.

ஜெனரல் மேனேஜர் சபாநாயகத்தின் அறைக்குப் போனேன். மனிதர் ஊதுவத்தி ஏற்றி, ஜன்னலை இறுக்கிச் சாத்தி, வாசனை மெஷினையும் ஓடவிட்டு உட்கார்ந்திருந்தார். மல்லிகைப்பூ நாற்றம் அடித்தது. ஆமாம், நாற்றம்தான்.

"சார், நாசில்ல வேகம் முப்பத்தொன்பது. தண்ணி கேரி ஓவர் ஆவுது. வால்வைக் குறைக்கணும்."

"யார் குறைக்கணும்? நீயா? நானா?" என்றார். "சட்டப்படி அந்த வால்வு ஜனங்களோடது. அவங்களுக்கு அருவருப்பா இருந்தா அதுவே மூடிக்கும். மூணுதானே காட்டுது. அவங்க சந்தோஷமா இருக்காங்கம்மா."

"சார், மாசாமாசம் அந்தப் பட்டைகளை ஜீரோ பண்றீங்களே, அது எந்தக் காத்துல?"

"அங்க இருக்கிற காத்துலதான். மீன் ஏலக்கூடத்துலயே உக்கார வச்சு, ஒன்பது பேருக்கும் ஒரே தடவையா பண்ணிடுவாங்க."

"சுத்தமான காத்து இருக்கிற ரூம்ல வச்சுப் பண்ணணும்னு சட்டத்துல சொல்லியிருக்கு சார்."

"அவ்வளவு பேரையும் பஸ் வச்சுக் கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வரணும். அவங்க வியாபாரமும் கெடும். எதுக்கு?"

தராசில் ஈரச் சாக்கை வைத்துவிட்டுப் பூஜ்யம் பொத்தானை அழுத்துகிற வேலை இது. இந்த மாத நாற்றம்தான் அடுத்த மாதத்துக்குப் பூஜ்யம். அதற்கு மேல் கொஞ்சம் கூடினால் கொஞ்சம்தான் குமட்டும். பிறகு அதுவும் பூஜ்யமாகிவிடும். இப்படியே ஏறி ஏறி முப்பத்தொன்பதுக்கு வந்திருக்கிறோம். ஒருவர் கூடப் பொய் சொல்லவில்லை, ஒரு கருவி கூடக் கெடவில்லை. எனக்கு அவர் மேஜையிலேயே வாந்தி எடுக்க வேண்டும் போலிருந்தது.

"இது பழகிப்போன விஷயம் மட்டும் இல்ல சார். இந்த வாயு கொஞ்சமா இருந்தா அழுகின முட்டை மாதிரி நாறும். அதிகமாச்சுன்னா மூக்கோட நரம்பையே முடக்கிடும். ஒண்ணுமே நாறாது. அவங்களுக்குக் குமட்டல, ஏன்னா அவங்களுக்கு மூக்கே வேலை செய்யல. மூணு காட்டுதுன்னா நல்லா இருக்காங்கன்னு அர்த்தம் இல்ல. சாகப்போறாங்கன்னு அர்த்தம்."

சபாநாயகம் ஊதுவத்திச் சாம்பலை விரலால் தட்டிவிட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

"பிளான்ட்டுக்குள்ள இருக்கிற மீட்டர் எதுவும் அலாரம் அடிக்கல," என்றார் கடைசியில். "நானா நிறுத்தினா சிட்டியில பஸ் நிக்கும். ஏன் நிறுத்தினேன்னு கேட்டா நான் என்ன எண்ணைக் காட்டறது? மூணையா?"

"பெரிய நாசிலாவது போடுங்கன்னு கேட்டேனே சார். வாயைப் பெருசாக்கினா வேகம் தானா குறையும்."

"கேட்டே. அதுக்குப் பிளான்ட்டை ஒரு மாசம் மூடணும். இப்ப போய் வேலையைப் பாரும்மா."

மாசுக்கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் நல்ல மனிதர்போல. பொறுமையாகக் கேட்டுவிட்டு, எண் என்ன காட்டுகிறது என்றார். மூன்று என்றேன். அப்புறம் என்னம்மா என்றார்.

முகமூடியை மாட்டிக்கொண்டு, மீட்டரையும் தண்ணீர் பாட்டிலையும் பையில் போட்டுக்கொண்டு குப்பத்துக்கு நடந்தேன். எண் என் போனிலும் தெரியும். ஒன்பது பேருக்குக் குமட்ட வேண்டும், அவ்வளவுதான். குமட்டினால் வால்வு மூடும். வெயில் ஏறுகிறவரை அது மூடியிருந்தால், தாழ்ந்த வீடுகளில் தூங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் உயிரோடு எழுந்துவிடுவார்கள். மூக்கு செத்துப்போன ஒன்பது பேருக்கு எப்படிக் குமட்ட வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஏலக்கூடத்தில் ஒன்பது பேரும் இருந்தார்கள். ஆறு பெண்கள், மூன்று ஆண்கள். விடியலில் மீன் பிரிக்க எப்படியும் அங்கேதான் கூடுவார்கள். கம்பெனி இவர்களையே தேர்ந்தெடுத்ததும் அந்த வசதிக்காகத்தான். தரையெல்லாம் வழுவழுவென்று ஏதோ படிந்திருந்தது. கூரை விளிம்பிலிருந்து சாம்பல் நிறத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. முகமூடியைத் தாண்டி நாற்றம் உள்ளே புகுந்தது. அது நாற்றம் என்கிற சொல்லுக்குள் அடங்காது. யாரோ என் தொண்டைக்குள் அழுக்குத் துணியைத் திணிப்பது போல இருந்தது. கண்ணில் நீர் கொட்டியது. அவர்களோ சாதாரணமாக உட்கார்ந்து சென்னாக்குன்னி என்கிற பொடி இறாலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா இன்ஜினீயரம்மா, காலங்காத்தால மூஞ்சிய மூடிக்கினு வந்துகீறே?" என்றாள் அஞ்சலாட்சி. அந்த ஒன்பது பேரில் மூத்தவள். மீன் விற்பவள். ஆறு மாதத்துக்கு முன்பு குழாய்ப் பாதையை அளக்க வந்தபோது எனக்கு நிழலில் இடம் கொடுத்தவள்.

"அஞ்சலாட்சிக்கா, விஷக் காத்து எறங்கியிருக்கு. எல்லாரையும் எழுப்பி மேட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். இப்பவே."

அவள் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். "ஒண்ணியும் தெர்லியே."

"தெரியாதுக்கா. உங்க மூக்கு செத்துப்போச்சு. அதனாலதான் தெரியல." மீட்டரை எடுத்துக் காட்டினேன். அது விடாமல் அலறியது.

"மூக்கு செத்தது எனுக்குத் தெரியாதா? சந்தைல என் கூடைய பாத்தாலே ஜனம் தள்ளிப் போவுது. மீனு கெட்டுப் போச்சான்னு பக்கத்துக் கடைக்காரிய மோந்து பாக்கச் சொல்றேன்." அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை. "ஆனா மேட்டுக்குலாம் வரமாட்டோம். போன பொயலுக்கு அப்டித்தான் இட்டுக்கினு போனீங்க. திரும்பி வந்து பாத்தா, ஒங்க வேலி எங்க கரைக்கே வந்து நிக்குது. வல காய வெச்ச எடம்லாம் உள்ள போச்சு. இந்தத் தபா யாரும் நகர மாட்டாங்க."

ரீட்டா என்ற இன்னொரு பெண், "வேலிய எவ்ளோ தூரம் தள்ளப் போறீங்கோ இப்ப?" என்று கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

நான் பொய் சொல்லவில்லை என்று அவர்களை நம்ப வைக்க எனக்கு வழியில்லை. ஆகவே அருவருப்பாவது வரட்டும் என்று மிச்ச உண்மையையும் சொன்னேன். உங்கள் கூரையிலிருந்து சொட்டுவது பனி இல்லை. நகரத்துக் கக்கூஸைக் கழுவிய தண்ணீர். உங்கள் கருவாட்டின் மேல் படிவது அதுதான், உங்கள் தலையில் விழுவதும் அதுதான், ஆட்டுத் தொட்டி ரத்தமும் அதில் இருக்கிறது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்குத்தான் குமட்டிக்கொண்டு வந்தது. போனைப் பார்த்தேன். நான்கு.

"தெரியும்மா," என்றாள் அஞ்சலாட்சி. "ஊரு பீ வந்து சேர்ற எடத்துல பொழைக்கிற ஜனம்தானே நாங்க, எங்களுக்கு இன்னா புச்சு? வந்தே, இவ்ளோ தூரம் பேசிட்டே. குந்து, டீ குடி."

கூடத்து மூலையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கூரைத் தண்ணீர் சொட்டுகிற நீல டிரம்மிலிருந்துதான் அவள் டீக்குத் தண்ணீர் மொண்டாள் என்பதை நான் பார்த்தேன். லாரித் தண்ணீர் வாரத்துக்கு ஒரு முறைதான் வரும். வேறு தண்ணீர் அங்கே இல்லை.

கண்ணாடி டம்ளரை என் கையில் கொடுத்தாள். குடிக்காவிட்டால் இவர்கள் நான் சொல்லும் எதையும் கேட்க மாட்டார்கள் என்று தோன்றியது. முகமூடியை இறக்கினேன். ஒரு வாய் குடித்தேன்.

அதை விழுங்க முடியவில்லை. நான் மரியாதையாக நடந்துகொள்ளத்தான் நினைத்தேன், சத்தியமாக. உடம்பு கேட்கவில்லை. அவள் காலடியிலேயே துப்பினேன். இரண்டு முறை ஓங்கரித்தேன். பையிலிருந்து என் பாட்டிலை எடுத்து வாயைக் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பினேன். நாக்கைக் கைக்குட்டையால் தேய்த்துத் துடைத்தேன். முகமூடியை இழுத்து மறுபடி மாட்டிக்கொண்டேன். டம்ளரை என் விரல் நுனியால் தூரத் தள்ளி வைத்தேன். இவ்வளவையும் செய்து முடித்த பிறகுதான் மீன் பிரித்த கைகளெல்லாம் நின்றுவிட்டதைக் கவனித்தேன்.

அஞ்சலாட்சி என் முகத்தைப் பார்க்கவில்லை. டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ்ளோ மோசமாவா கீது?"

நான் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் திணித்தேன்.

"மாசாமாசம் இந்தப் பட்டைய சரி பண்ண ஒங்க ஆளுங்க வருவாங்கோ," என்றாள் மெதுவாக. "வர்றவன் எல்லாத்துக்கும் டீ குடுப்பேன். ஒருத்தனும் வாய்ல வெச்சதில்ல. எனக்கு சுகர்மா, எனக்கு சுகர்மான்னு கீழ வெச்சிடுவானுங்கோ. பாவம், மொத்தக் கம்பெனிக்கும் சுகர் போலன்னு ரீட்டாகிட்ட சொல்லி வருத்தப்பட்டேன். அவனுங்களுக்குன்னு சக்கர போடாம தனியா வெச்சுக் குடுத்தேன். அதியும் குடிக்கல."

ரீட்டா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"நீ கூடப் போன தபா விரதம்னே."

ஆமாம். விரதம் என்றுதான் சொல்லியிருந்தேன். அன்று செவ்வாய்க்கிழமை கூட இல்லை.

"அத்தினி பேருக்கும் தெரிஞ்சுகீது. நாங்க இன்னா குடிக்கிறோம்னு வாய்கிட்ட கொண்டாரும்போதே தெரிஞ்சுகீது. ஒருத்தன் சொல்லல. சிரிச்சுக்கினே கீழ வெச்சுட்டு, காதுல கைய வெச்சுப் பட்டைய சரி பண்ணிட்டுப் போயிக்கிறானுங்கோ. நாங்க அதியே எடுத்து, வீணாப் போவக் கூடாதுன்னு புள்ளைங்களுக்கு ஊத்திக் குடுத்தோம்."

அவள் இப்போது என் முகத்தைப் பார்த்தாள். வெறுப்பு என்றால் எனக்குப் பழக்கம். வேலி தள்ளிய நாட்களில் கல் எறிந்திருக்கிறார்கள். இது வேறு. சாப்பாட்டில் கிடந்த எதையோ பார்ப்பதுபோல் அவள் என்னைப் பார்த்தாள். அவளுடைய மேலுதடு சுருங்கியது. கை வயிற்றுக்குப் போனது. பக்கத்தில் ஒருவர் எழுந்து சுவரோரம் போய்க் காறித் துப்பினார். இன்னொருத்தி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தாள்.

என் கையில் போன் அதிர்ந்தது. பத்தொன்பது. முப்பத்திரண்டு. நாற்பத்தாறு.

பட்டைக்கு எது நாறுகிறது என்று தெரியாது. வயிறு புரட்டுகிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். அறுபதைத் தாண்டியது. பள்ளத்துக்கு மேலே, பனிக்குள், ஆலையிலிருந்து எந்நேரமும் கேட்டுக்கொண்டிருந்த அந்த இரைச்சல் முதல் முறையாகக் கம்மியது. போனில் நாசிலின் வேகமும் முப்பதுக்கு இறங்கி, பதினெட்டுக்கு வந்தது. நாங்கள் எந்த வேகத்தை வரைந்து, கணக்குப் போட்டு, கையெழுத்துப் போட்டோமோ அதற்கும் கீழே இறங்கியது. கை மீட்டரின் அலறல் கொஞ்ச நேரத்தில் விட்டு விட்டு அடிக்கத் தொடங்கியது.

"மூடிடுச்சுக்கா," என்றேன். அழுகை வந்தது, அதற்கும் எனக்கு வெட்கமாக இருந்தது. "வால்வு மூடிடுச்சு. உங்க எண்ணு ஏறிடுச்சு."

"எங்கியோ பொரட்டுதுன்னு எனுக்கே தெரியுது," என்றாள் அவள்.

அதற்கு மேல் அங்கே நிற்க எனக்கு முகமில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். மன்னித்துக்கொள்ளச் சொல்ல வாய் திறந்தேன், அதற்கும் எனக்கு யோக்கியதை இல்லை என்று மூடிக்கொண்டேன். கூடத்தின் வாசல்வரை போயிருப்பேன். போன் மறுபடி அதிர்ந்தது. ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்று. முதுகைத் திருப்பியதும் எண் இறங்கத் தொடங்கியிருந்தது. அஞ்சலாட்சி என் கையிலிருந்த வெளிச்சத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். விளக்கிச் சொல்ல எதுவும் தேவைப்படவில்லை.

"எங்க போறே?" என்றாள். "வா, வந்து குந்து. நீ போய்ட்டா எனுக்கு சரியாப் பூடும்."

திரும்பி வந்து அதே பலகையில் உட்கார்ந்தேன். முகமூடியைக் கழற்றச் சொன்னாள், கழற்றினேன். வெயில் ஏறிப் பனி கலைகிறவரை ஒன்பது பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.